சூனியமா? புரதமா?

(ஒரு கிராம வாசகசாலையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் அனேகருக்குப் புதிதாய் இருக்கும். "பிரியான்" என்பதாக ஒரு பொருள். அதனால் மனிதருக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருகின்ற மூளை வியாதிகள். நாம் வைத்தியரல்ல, காலேஜ் படிப்புப் படித்தவருமல்ல. இவ்விஷயமாய் டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் எழுதியிருப்பவைகளை நமக்குப் புரிந்த மட்டில் படித்து, புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு வந்து சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் "இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காததனால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான் இன்றையப் பேச்சு.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே நியூகினி என்று ஒரு பெரிய தீவு இருக்கின்றது. அதன் கிழக்குப் பாதி இன்று பாப்புவா நியூகினி என்னும் சுதந்திர நாடு. 1975-ம் வருஷம் வரையில் அது ஆஸ்திரேலிய சர்க்காரின் ஆதிக்கத்தில் இருந்தது. அங்கே கிழக்கு மலைப் பிரதேசத்தில் ஃபோரே என்னும் ஜனங்கள் வாழுகிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடுவதும் பன்றி வளர்ப்பதும் அவர்கள் ஜீவனம். 1950-ஐ ஒட்டிய வருஷங்கள் வரையில் வெளியுலகத்துக்கும் அவர்களுக்கும் அதிக சம்பந்தம் கிடையாது. அதிகாரிகள் மலையேறிப் போய்ப் பார்த்தபோது அந்த ஜனங்களுக்குள் ஒரு விசித்திரமான வியாதி பரவியிருக்கக் கண்டார்கள். அதற்கு அந்த ஜனங்கள் வைத்திருந்த பெயர் "குரு". உடனே மடத்தில் இருக்கும் குருவை நினைத்துக் கொள்ளாதீர்கள்! அவர்கள் பாஷையில் அதற்கு நடுக்கம் என்று அர்த்தம்.

முதலில் நடை தள்ளாடும். பிறகு கையும் தலையும் உடம்பும் நடுங்கும். வெயிலில் நிற்கும்போதே குளிரில் நிற்பவரைப்போல் நடுங்கும். சில வாரங்களில் கோல் ஊன்றாமல் நடக்க முடியாது. சில மாதங்களில் உட்காரவும் முடியாது. பேச்சுக் குழறும். சிலர் காரணமில்லாமல் சிரிப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் "சிரிப்புச் சாவு" என்று பெயர் கொடுத்துத் தங்கள் பத்திரிகையை விற்றார்கள். சாகிறவளுக்கு அது சிரிப்பல்ல. கடைசியில் சோறு தண்ணீர் விழுங்கவும் முடியாமல், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் உயிர் போகும். வியாதி கண்டவர் பிழைத்ததில்லை. உச்சத்தில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு 200 பேருக்கு மேல் செத்தார்கள். 1957-ம் வருஷம் முதல் கணக்கெடுத்ததில் மொத்தம் 2,500 பேருக்கு மேல் ஆகின்றது. சில ஆயிரம் பேரே உள்ள ஒரு சிறு ஜன சமூகத்துக்கு இது எப்பேர்ப்பட்ட நாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் மற்றொரு கொடுமை. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறு பிள்ளைகளுமே. வளர்ந்த ஆண்களுக்கு இது வருவது மிகவும் அபூர்வம். சில ஊர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் என்கிற நிலைமை ஏற்பட்டுவிட்டது. தாயில்லாத கைக்குழந்தைகளை ஆண்கள் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

சரி, இதற்கு அந்த ஜனங்கள் சொன்ன காரணம் என்ன? சூனியம்! யாரோ ஒரு பகையாளி, அந்தப் பெண்ணின் தலைமயிரையோ, நகத்தையோ, தின்று போட்ட எச்சிலையோ, துணிக் கிழிசலையோ திருடி, இலையில் சுருட்டிக் கட்டி, மந்திரம் சொல்லிச் சேற்றில் புதைத்து விட்டான். பொட்டலம் மக்க மக்க அவள் உடம்பு நடுங்குகிறது என்றார்கள். இந்தப் பயத்தால் நகமும் மயிரும் எச்சிலும் பிறர் கையில் அகப்படாமல் மிகவும் ஜாக்கிரதையாய் மறைத்தார்கள். மறைத்தும் வியாதி நின்றபாடில்லை.

சூனியம் வைத்தவன் யார் என்று கண்டுபிடிக்கவும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மரத்தில் வாழும் ஒரு சிறு பிராணியைக் கொன்று மூங்கில் குழாயில் அடைத்து, சந்தேகப்பட்ட ஒருவன் பேரைச் சொல்லி நெருப்பில் வாட்டுவார்கள். கறி வேகாமல் இருந்தால் அவனே குற்றவாளி! அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை, விசாரணை வேண்டியதில்லை. அப்படிக் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பதுங்கியிருந்து பிடித்து, கல்லாலும் கட்டையாலும் எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். அடுப்பில் விறகு ஈரமாய் இருந்ததற்காக ஒரு மனிதன் உயிரைக் கொடுத்தான் என்பதுதான் இதன் அர்த்தம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். குறத்தி மை போட்டுச் சொன்ன பேரை நம்பி அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இல்லையா? அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அன்றியும், அந்த ஜனங்கள் மூடர்களல்ல என்பதை இனிமேல் பார்க்கப் போகிறீர்கள். 1962, 1963-ம் வருஷங்களில் அவர்கள் ஊர் ஊராய்ப் பெரிய கூட்டங்கள் கூட்டினார்கள். சூனியம் செய்கிறவர்கள் யாராயிருந்தாலும் தயவு செய்து நிறுத்திவிடுங்கள், நம் பெண்கள் அற்றுப்போனால் நம் இனமே அற்றுப்போகும் என்று பகையாளி ஊர்க்காரரையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். காரணம் தெரியவில்லையே தவிர, பொதுக் காரியத்தைக் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும் என்கிற அறிவு அவர்களுக்கு இருந்தது.

நிற்க. 1957-ம் வருஷத்தில் அங்கிருந்த சர்க்கார் டாக்டர் ஸிகாஸ் என்பவரும், அமெரிக்காவிலிருந்து போன கைடுஷெக் என்பவரும் இந்த வியாதியை ஆராயத் தொடங்கினார்கள். சூனியம் என்பதை அவர்கள் ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வேறு காரணமும் அகப்படவில்லை. காய்ச்சல் இல்லை. இரத்தத்தில் கிருமி இல்லை. கிருமி புகுந்தால் உடம்பு சண்டை போடும் அல்லவா? அந்தச் சண்டைக்கு அடையாளம் எதுவும் இல்லை. தண்ணீர், மண், புகை, உணவில் விஷம் எல்லாம் பார்த்தாய்விட்டது. மருந்துகள் கொடுத்துப் பார்த்தாய்விட்டது. ஒன்றும் பலனில்லை. செத்தவர் மூளையை மெல்லிசாய்ச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடற்பஞ்சைப்போல் ஓட்டை ஓட்டையாய் இருந்தது.

உடனே படித்தவர்களில் சிலர், இது பரம்பரை வியாதி, இரத்தத்தில் பிறந்தது என்றார்கள். அந்த ஜனங்களை மலையை விட்டு வெளியே போக விடாமல் வைத்துவிடலாமா என்றுகூட யோசனை கிளம்பிற்று. பார்த்தீர்களா! "பிறப்பு" என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டிய வேலை மிச்சம்.

இந்த இடத்தில் முடிச்சை அவிழ்த்தது மைக்ராஸ்கோப்பு அல்ல, விசாரித்துக் கேட்டதுதான். 1961-ம் வருஷத்தில் ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்ற இருவர் அங்கே போய்த் தங்கி, கிழவர் கிழவிகளிடம் குடும்பம் குடும்பமாய்க் கேட்டு எழுதினார்கள். அந்தக் கிழவர்கள் சொன்னது என்ன? இந்த வியாதி எங்கள் பாட்டன் காலத்தில் இல்லை. இன்ன ஊரில் முதலில் வந்தது, பிறகு இன்ன ஊருக்கு வந்தது என்று வரிசையாய்ச் சொன்னார்கள். அதாவது 1920-ஐ ஒட்டித்தான் வந்திருக்கிறது. பரம்பரை வியாதியானால் இரண்டு தலைமுறைக்குள் ஊர் ஊராய் நடந்து வருமா? படித்தவர்களுடைய பரம்பரைக் கதையைப் பொய்யாக்கியது எழுத்தறியாத ஜனங்களுடைய ஞாபக சக்தி.

மற்றொன்றும் சொன்னார்கள். அந்த ஜனங்களுக்குள், செத்துப்போன உறவினருடைய உடலை உறவினரே உண்ணுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. அருவருப்படைகிறீர்கள், நமக்கும் அப்படித்தான். ஆனால் அவர்கள் பசிக்காகவோ பகைக்காகவோ செய்ததல்ல. நாம் நேசித்த உடலை மண்ணில் புழு தின்ன விடுவதைவிட நாமே ஏற்றுக்கொள்ளுவது மேல் என்று, துக்கத்தினால் செய்தது. நாம் திவசம் செய்வதில்லையா, அதைப்போல அவர்களுக்கு அது செத்தவருக்குச் செய்யும் மரியாதை. அந்த வழக்கமும் பழமையானதல்ல. நினைவுக்கெட்டிய காலத்தில்தான் அவர்களுக்குள் வந்தது. இதில் யார் எதை உண்டார்கள்? அறுத்துப் பக்குவம் செய்தது பெண்கள். மூளையும் உள்ளுறுப்புகளும் பெண்களுக்கும் அவர்கள் மடியில் இருக்கும் பிள்ளைகளுக்கும். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. தொட்டாலும் மூளையை உண்ணுவதில்லை. ஆண் பிள்ளைகள் ஏழெட்டு வயதானதும் தாயை விட்டு ஆண்கள் வாழும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது வியாதிக் கணக்கை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். சிறு பிள்ளைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாய் வந்தது. பெரியவர்களில் பெண்களுக்கே வந்தது. ஆண்களுக்கு அபூர்வம். பூட்டும் சாவியும் போல் பொருந்துகிறதா இல்லையா? சூனியக்காரனுக்குப் பெண்கள்மேல் மாத்திரம் ஏன் கோபம் என்று எந்த மந்திரவாதியும் சொன்னதில்லை.

ஆனாலும் பொருத்தம் வேறு, ருஜு வேறு. 1959-ம் வருஷத்தில் ஹாட்லோ என்கிற அமெரிக்க மிருக வைத்தியர் குரு நோயாளியின் மூளைப் படங்களை லண்டனில் ஒரு கண்காட்சியில் பார்த்தார். இதே ஓட்டைகளை அவர் ஆட்டு மூளையில் பார்த்திருந்தார். ஐரோப்பாவில் இருநூறு வருஷங்களுக்கு மேலாகவே செம்மறியாடுகளுக்கு "ஸ்கிரேப்பி" என்று ஒரு வியாதி. ஆடு அரிப்புத் தாங்காமல் வேலியில் தேய்த்துத் தேய்த்து ரோமம் உதிர்ந்து, நடுங்கிச் செத்துப்போகும். அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றக்கூடியது, ஆனால் தொற்றி வருஷக்கணக்கில் கழித்தே வெளிப்படும் என்று பிரெஞ்சுக்காரர்கள் 1936-லேயே பரீட்சை செய்து காட்டியிருந்தார்கள். ஆகவே ஹாட்லோ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, குருவையும் அவ்விதமே பரீட்சை செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து பாருங்கள் என்றார். மனித வைத்தியர்களுக்கு ஆட்டு வைத்தியர் வழி சொன்னார்!

செய்து பார்த்தார்கள். குருவினால் செத்தவர் மூளையிலிருந்து எடுத்த சத்தை 1963-ல் சிம்பன்ஸிக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஏறக்குறைய இருபது மாதம் ஒன்றுமில்லை. 1965-ல் குரங்கு தள்ளாடிற்று, நடுங்கிற்று. மூளையில் அதே ஓட்டைகள். பரம்பரையுமில்லை, சூனியமுமில்லை, இது தொற்றுகிற வியாதி என்பது அன்றுதான் ருஜுவாயிற்று. இதற்காக கைடுஷெக்குக்கு 1976-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த வழக்கம் 1950-களின் கடைசியோடு நின்றுபோயிற்று. நின்ற பிறகு பிறந்த பிள்ளைகள் ஒருவருக்காவது குரு வரவில்லை. ஆனால் முன்னமே உண்டவர்களை அது விடவில்லை. 1996 முதல் 2004 வரையில் 11 பேருக்கு இந்த வியாதி கண்டதாகக் கணக்கெடுத்தார்கள். அதாவது சிறு பிள்ளையாய் இருந்தபோது புகுந்த பொருள், நாற்பது ஐம்பது வருஷம் உள்ளேயே இருந்து கிழவயதில் கொன்றது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இத்தனை வருஷ இடைவெளி இருந்தால், நடுவில் சூனியக்காரன் நுழைய எவ்வளவு இடம் பாருங்கள்!

சரி, அந்தப் பொருள்தான் எது? இங்கேதான் விஞ்ஞானிகளுக்கே ஒரு சோதனை வந்தது. அக்காலத்து விஞ்ஞானத்தின் முடிவு என்னவென்றால், எது தொற்றிப் பெருகுவதானாலும் அதற்குள் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்கிற விதைச் சரக்கு இருக்க வேண்டும். காளான், பாக்டீரியா, வைரஸ் எல்லாவற்றிற்கும் அது உண்டு. அது இல்லாமல் ஒன்று தன்னைப்போல் மற்றொன்றை உண்டாக்க முடியாது. நல்லது. லண்டனில் டிக்வா ஆல்பர் என்கிற அம்மையார், அந்த விதைச் சரக்கைப் பாழாக்கக்கூடிய ஒளிக்கதிர்களை ஸ்கிரேப்பிச் சத்தின்மேல் பாய்ச்சிப் பார்த்தார். எந்த வைரஸும் செத்துப்போகிற அளவுக்குப் பாய்ச்சியும் அதன் சக்தி குறையவில்லை. விதைச் சரக்கே இல்லாத ஒன்றாக இருக்குமோ என்று அவர் 1967-ல் கேட்டார். அதே வருஷத்தில் கிரிஃபித் என்கிற கணித நிபுணர், வெறும் புரதம் மட்டுமே இப்படிப் பரவ முடியும் என்று எழுதினார். எவரும் அதிகமாய்க் காதில் வாங்கவில்லை.

பிறகு அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து டாக்டர் புரூசினர், ஆயிரக்கணக்கான எலிகளை வைத்துப் பல வருஷம் பாடுபட்டு அந்தச் சத்தைச் சுத்தி செய்துகொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது புரதம் ஒன்றே. 1982-ல் அதற்குப் "பிரியான்" என்று பெயர் வைத்தார். (நம் பாஷைக்கும் அந்தப் பெயர் பொருந்துகின்றது, பிடித்தவரை விட்டுப் பிரியான்!) விஞ்ஞானிகள் பலர் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் கேலி செய்ததோடு நிற்காமல் பரீட்சையும் செய்தார்கள்; அதுதான் வித்தியாசம். 1985-ல் அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு எங்கே இருக்கிறதென்று கண்டார்கள். எங்கே? வெளியிலிருந்து வந்த கிருமியிடத்தில் அல்ல. நம் உடம்பிலேயே, உங்களுக்கும் நமக்கும் எலிக்கும் ஆட்டுக்கும் இருக்கின்றது! 1993-ல் அந்த மரபணுவை நீக்கிப் பிறப்பித்த எலிகளுக்கு ஸ்கிரேப்பிச் சத்தை ஏற்றினார்கள். அவைகளுக்கு வியாதி வரவேயில்லை. புரூசினருக்கு 1997-ல் நோபெல் பரிசு கிடைத்தது.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது குறிப்பிட்ட விதமாய் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். எட்டு முழ வேட்டி ஒன்றுதான். இடுப்பில் கட்டினால் வேட்டி, தலையில் சுற்றினால் முண்டாசு. நூல் மாறவில்லை, மடிப்பு மாறிற்று. அதைப்போல் நம் மூளையில் இருக்கிற இந்தப் புரதம் ஒழுங்காய் மடிந்திருக்கும் வரையில் தொந்தரவில்லை. கோணலாய் மடிந்த ஒன்று வந்து சேர்ந்தால் பக்கத்திலுள்ள நல்லதையும் தன்னைப்போல் கோணலாக்கிவிடுகிறது. அது அடுத்ததை, அது அடுத்ததை.

உயிரில்லாத ஒன்று எப்படிப் பெருகும் என்பீர்கள். கற்கண்டு போடுகிறதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காய்ச்சிய சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு வைத்தால், நூலில் முதலில் ஒரு சிறு மணி கட்டும். பிறகு பாகிலுள்ள சர்க்கரையெல்லாம் அந்த மணியின் மேலேயே அதே ஒழுங்கில் வந்து அடைகின்றது. கற்கண்டுக்கு உயிருண்டா? மந்திரமுண்டா? இதுவும் அப்படியே. கோணல் புரதம் கட்டி கட்டியாய்ச் சேர்ந்து நரம்பு அணுக்களைக் கொல்லுகிறது. அணுக்கள் செத்த இடந்தான் ஓட்டை. புரதம் நம்முடையதே ஆனதால் உடம்பு அதை அன்னியன் என்று கண்டுகொள்ளுவதில்லை. ஆகையால் காய்ச்சலுமில்லை, சண்டையுமில்லை. உயிரில்லாததால் அதைக் கொல்லவும் முடிவதில்லை. சாதாரணமாய்க் கொதிக்க வைத்தாலும் சரி, ஃபார்மலினில் போட்டாலும் சரி, அதன் சக்தி தங்கிவிடுகிறது.

தோழர்களே! இதை நன்றாய்க் கவனியுங்கள். அத்தனை ஆயிரம் பேரைக் கொன்ற பொருளுக்கு உயிர்கூடக் கிடையாது. கோபமில்லை, பகையில்லை, எண்ணமில்லை. அதை யாரும் ஏவவில்லை. "யார் செய்தான்?" என்று கேட்ட வரையில் ஒரு மனிதன் தலை போயிற்று, "எப்படி ஆயிற்று?" என்று கேட்ட பிறகுதான் விடை கிடைத்தது.

முதலில் அது எங்கிருந்து வந்தது? குராய்ட்ஸ்ஃபெல்ட்–யாகோப் என்று இரண்டு ஜெர்மன் டாக்டர்கள் பேரால் ஒரு வியாதி உண்டு. 1920, 1921-ல் அவர்கள் எழுதிவைத்தது. புத்தி தடுமாறி, கைகால் வெட்டி, சில மாதங்களில் சாவு. உலகத்தில் பத்து லட்சம் பேருக்கு வருஷத்தில் ஒருவர் இருவருக்கு இது வருகின்றது. பெரும்பாலும் வயதானவர்களுக்கு, வெளிக்காரணம் எதுவுமின்றி, புரதம் தானாகவே கோணியதால் வருவது. நியூகினி மலையில் அப்படி ஒருவருக்கு வந்து, அவரை உறவினர் உண்டதால் சங்கிலி தொடங்கியிருக்கலாம் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் அபிப்பிராயம். சிலருக்குக் குடும்ப வழியாய், மரபணுவில் உள்ள ஒரு பிசகினாலும் வரும். இத்தாலி தேசத்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாய்ச் சிலர் நடுவயதில் தூக்கமே இல்லாமல் போய்ச் செத்துக்கொண்டு வந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு அந்தப் பிசகு இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூர்வஜன்மப் பாவமென்று சொல்லுகிறவர்கள், அந்தப் பாவம் காசு சுண்டிப் பூவா தலையா போட்டுப் பார்ப்பது ஏன் என்று சொல்லட்டும்.

இனி, இங்கிலாந்துக்கு வருவோம். மூங்கில் குழாயில் கறி வேகிறதா என்று பார்த்தவர்களைக் கண்டு சிரித்தீர்களே, இதற்கு என்ன சொல்லுகிறீர்கள் பார்ப்போம்.

1986-ம் வருஷத்தில் அங்கே மாடுகள் தள்ளாடி, மிரண்டு, விழுந்து சாகத் தொடங்கின. மூளையைப் பார்த்தால் அதே கடற்பஞ்சு. காரணம் என்ன? மாடு புல் தின்கிற ஜந்து. ஆனால் பால் அதிகம் கறக்க வேண்டும், லாபம் அதிகம் வரவேண்டும் என்று, செத்த ஆடு மாடுகளின் கழிவையும் எலும்பையும் காய்ச்சிப் பொடி செய்து தீவனத்தில் கலந்து மாட்டுக்கே கொடுத்து வந்தார்கள். மாடு அறியாமல் மாட்டை மாடு தின்றது. ஃபோரே ஜனங்கள் துக்கத்தினால் செய்ததை இவர்கள் வியாபாரத்துக்காகச் செய்தார்கள். 1988 ஜூலையில் அந்தத் தீவனம் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். ஆனால் விஷம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே! 1992 ஒரு வருஷத்தில் மட்டும் 36,000-க்கு மேற்பட்ட மாடுகளுக்கு வந்தது. மொத்தம் 1,80,000-க்கு மேல்.

இந்த இறைச்சியைத் தின்றால் மனிதனுக்கு வருமா? இதற்காக அமைத்த நிபுணர் கமிட்டி 1989-ல், வருவது அரிது என்று எழுதிற்று. கூடவே, எங்கள் மதிப்பு பிசகாய்ப் போனால் விளைவு மிகக் கொடியதாகும் என்றும் எழுதி வைத்தது. முதல் வரியை மந்திரிகள் மனப்பாடம் செய்தார்கள்; அடுத்த வரியை மறந்தார்கள். மூளை, தண்டுவடம் முதலியவைகளை மனிதர் உணவில் சேர்க்கக் கூடாதென்று அந்த நவம்பரில் ஓர் உத்தரவு பிறந்தது. அது நல்ல உத்தரவுதான், அறுப்புச் சாலைகளில் ஒழுங்காய் நடந்திருந்தால். 1990 மே மாதம் ஒரு வீட்டுப் பூனைக்கே இந்த வியாதி கண்டது என்று தெரிந்து ஜனங்கள் பயந்தார்கள். உடனே விவசாய மந்திரி கம்மர் என்பவர் என்ன செய்தார்? போட்டோக்காரர்களை வரவழைத்து, நாலு வயதுள்ள தன் மகளுக்கு மாட்டிறைச்சிப் பலகாரத்தை ஊட்டப்போய், தானும் தின்று காட்டி, இங்கிலாந்து மாட்டிறைச்சி அபாயமற்றது என்றார்.

இது பரீட்சையா? சிம்பன்ஸிக்கு வியாதி வெளிப்பட இருபது மாதம் ஆயிற்று. மனிதனுக்கு ஐம்பது வருஷம்கூட ஆகும். போட்டோ எடுக்கிற நேரத்தில் என்ன தெரியும்? தீ மிதித்துக் காட்டி அம்மன் சக்தியை ருஜுப்பிக்கிற பூசாரிக்கும் இந்த மந்திரிக்கும் வித்தியாசம் கோட்டும் தொப்பியுந்தான்.

1996 மார்ச் 20-ந் தேதி சுகாதார மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, பத்துப் பேருக்குப் புதுவகை யாகோப் வியாதி கண்டிருக்கிறது, மாட்டிறைச்சிதான் காரணமாய் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வழக்கமாய்க் கிழவர்களுக்கு வருகிற வியாதி இப்போது வாலிபர்களுக்கு வந்தது. பிரிட்டனில் மட்டும் 178 பேர் செத்தார்கள்; அவர்களில் பாதிக்கு மேல் முப்பது வயது நிரம்பாதவர்கள். நாற்பது லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்று ஒழித்தார்கள். 2000-ம் வருஷத்தில் வெளியான பிலிப்ஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை, சர்க்கார் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, ஜனங்கள் பீதியடைவார்களே என்ற கவலையே அவர்களுக்குப் பெரிதாய் இருந்தது என்று சொல்லிற்று. ஜனங்களைக் குழந்தைகளாய் நினைத்து உண்மையை மறைப்பது எந்தப் பீடத்திலிருந்து செய்தாலும் ஒன்றுதான்.

இங்கே ஒருவர் எழுந்து, மாட்டைத் தின்றதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்பார். அப்படியானால் மாட்டை முதலில் தண்டித்தது ஏன்? அது புல்லைத் தின்னத்தானே ஆசைப்பட்டது? தானாய் வருகிற யாகோப் வியாதி, மாட்டிறைச்சி தின்கிற தேசம் தின்னாத தேசம் என்று பார்ப்பதில்லை. சவத்திலிருந்து எடுத்த சுரப்பிச் சத்தை, உயரம் வளருவதற்காக ஊசியில் குத்திக்கொண்ட குழந்தைகளுக்கும் வந்தது. 1985-ல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த ஊசியை நிறுத்தினார்கள். அந்தக் குழந்தைகள் எந்தப் பசுவைக் கொன்றார்கள்?

ஃபோரே ஜனங்களைப் பற்றி இன்னும் ஒன்று. குரு மிகக் கடுமையாய் இருந்த ஒரு பள்ளத்தாக்கில், உயிரோடு தப்பியவர்களில் சிலருக்கு இந்தப் புரதத்தின் சங்கிலியில் 127-வது கண்ணி மட்டும் வேறுவிதமாய் இருப்பதாக 2009-ல் கண்டார்கள். அதே மாறுதலை எலிகளில் உண்டாக்கிப் பார்த்ததில் அந்தக் கண்ணி பிரியானைத் தடுப்பதாக 2015-ல் ருஜுவாயிற்று. அது இருந்த தாய் பிழைத்தாள், பிள்ளை பெற்றாள்; இல்லாத தாய் செத்தாள். தாயத்துக் கட்டியவள், கட்டாதவள் என்ற வித்தியாசம் அந்தக் கணக்கில் எங்குமில்லை.

ஆனால் சூனியப் பயம் குருவோடு ஒழியவில்லை. அந்த நாட்டில் 1971-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, சூனியத்துக்குப் பயந்து கொன்றேன் என்று சொல்லுகிறவனுக்குத் தண்டனை குறைய இடம் வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் மவுண்ட் ஹேகன் நகரத்தில், ஒரு பையன் சாவுக்குச் சூனியம் வைத்தவள் என்று சொல்லி, பிள்ளை பெற்ற தாயான ஓர் இளம்பெண்ணை நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருக்க உயிரோடு கொளுத்தினார்கள். அதன் பிறகே அந்த வருஷம் அச்சட்டம் ரத்தாயிற்று. சட்டம் ரத்தான பிறகும் இப்படிப்பட்ட கொலைகள் அங்கே நின்றுவிடவில்லை.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். பிரியான் வியாதியைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கிடையாது. தண்டுவட நீரில் துளி எடுத்து, அதிலுள்ள கோணல் புரதம் நல்ல புரதத்தைக் கோணலாக்குகிறதா என்று கண்ணாடிக் குழாயில் பார்த்து வியாதியைக் கண்டறியும் பரீட்சை வந்திருக்கிறது. அந்தப் புரதமே இல்லாத எலிக்கு வியாதி வரவில்லை அல்லவா? அதை வைத்து, மனிதன் மூளையில் அந்தப் புரதம் உண்டாவதைக் குறைக்கும் மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள்.

நேரமாகிவிட்டது, அடுத்துப் பேச வேண்டிய தோழர் காத்திருக்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் எழுந்து வாயால் கேட்கலாம். பெண்கள் முதலில் கேட்கட்டும்.